பொருளாளரின் பல் விஷயமாக மச்சானுக்கு

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உங்கள் கடிதம் வந்ததிலிருந்து இந்த வீட்டில் சௌக்கியமாக இருப்பது சுவர்க் கடிகாரம் ஒன்றுதான். அங்கே உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். வழிபாட்டு மன்றத்தில் தரையில் உட்காராமல் நாற்காலி போட்டுக்கொள்ளும்படி உங்கள் தங்கை சொல்லச் சொன்னாள். அவள் சொன்னது இன்னொன்றும் உண்டு. "அண்ணனுக்கு மரியாதையா எழுதுங்க. ஒரு வார்த்தை தடிப்பா விழுந்துச்சுன்னா அப்புறம் இருக்கு சேதி" என்றாள். ஆகவே இது மரியாதையான கடிதம். எந்த இடத்திலாவது மரியாதை குறைந்ததுபோல் தோன்றினால் அது என் கையெழுத்தின் கோளாறு என்று எடுத்துக்கொள்ளவும்.

உங்கள் மன்றத்துப் பொருளாளருக்குப் பல்செட் செய்ய அளவெடுக்கிற சாக்கில் அவருடைய சொந்தப் பல்லை நான் பிடுங்கிவிட்டதாகவும், அதற்குக் காரணம் மதத் துவேஷம் என்றும், வேற்று மதத்துப் பெண் மருமகளாக வந்ததிலிருந்து என் புத்தியே மாறிவிட்டதென்றும், நானும் அவளும் மன்றத்துக்கு வந்து எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் இனி இந்த வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்றும் எழுதியிருந்தீர்கள். பல் வந்தது உண்மை. துவேஷத்தால் வரவில்லை, மாவால் வந்தது. தகப்பன் இல்லாத தங்கையை வளர்த்து ஆளாக்கி என் கையில் கொடுத்தவர் நீங்கள். நீங்கள் வராவிட்டால் அவளுக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள வேறு யாரும் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து அவள் பெருக்கிய தரையையே திரும்பப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

முதலில் நீங்கள் பொருளாளரோடும் மன்றத்தார் இருவரோடும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த நாளை எடுத்துக்கொள்வோம். மருமகள்தான் பரிமாறினாள். நீங்கள் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, அவங்க ஆளுங்க வீட்டை இவ்வளவு சுத்தமா வெச்சுப்பாங்கன்னு நான் நினைக்கவே இல்லை" என்றீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள், எனக்குத் தெரியும். உங்கள் தங்கை கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். மருமகள் என்ன வேலை செய்கிறாள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் விற்கிற கம்பெனியில் தொலைபேசியில் புகார் கேட்கிற வேலை. அங்கே அவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். எதிரில் இருப்பவர் என்ன திட்டினாலும் முதலில் நன்றி சொல்ல வேண்டும். பிறகு அவர் சொன்னதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லி, சரியாகப் புரிந்துகொண்டோமா என்று கேட்க வேண்டும். கடைசியில் வேறு குறை உண்டா என்று விசாரிக்க வேண்டும். 'இல்லை', 'தப்பு' என்ற இரண்டு சொற்களும் அங்கே தடை. அவளும் பழக்க தோஷத்தில், "சொன்னதுக்கு ரொம்ப நன்றி பெரிய மாமா. எங்க ஆளுங்க வீடு அழுக்கா இருக்கும்னு நீங்க எதிர்பார்த்தீங்க, இங்க சுத்தமா இருக்கறது உங்களுக்கு ஆச்சரியமா இருக்கு. நான் சரியா புரிஞ்சுக்கிட்டேனா?" என்று கேட்டாள். வேறு யாராக இருந்தாலும் சாப்பாடு தொண்டையில் நின்றிருக்கும். நீங்கள் "கரெக்டும்மா!" என்று இன்னும் கொஞ்சம் சோறு கேட்டீர்கள். "வேற ஏதாவது சொல்லணுமா பெரிய மாமா?" என்றாள். உங்களிடம் நிறைய இருந்தது. அவர்கள் கடவுளை வேண்டுவது வாய் வரைக்கும்தான், நெஞ்சுக்குள் போகாது என்றீர்கள். பொருளாளர் தன் பங்குக்கு, அவர்கள் கொடுக்கல் வாங்கலில் கை சுத்தமில்லாதவர்கள் என்றார். எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லி, "இதை மேலிடத்துக்குத் தெரிவிக்கறேன் ஐயா" என்றாள். பொருளாளர் அது கடவுள் என்று நினைத்து மேலே பார்த்துக் கும்பிட்டார். போகும்போது நால்வரும் ஒரே குரலில், இப்படி அடக்கமான பெண்ணைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அன்று யாருக்கும் கோபம் இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று. அடுத்த வாரமும் வந்தீர்கள், அதற்கு அடுத்த வாரமும் வந்தீர்கள்.

இப்போது பல். நான் பல்செட் கட்டத் தொடங்கிய காலத்திலிருந்து மன்றத்தார் பலரும் என்னிடம்தான் வருகிறார்கள். பொருளாளருக்குக் கீழ்த்தாடையில் சொந்தப் பல் மூன்று இருந்தது. அதில் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிடலாம் என்று முன்பே சொன்னேன். ஆண்டவன் கொடுத்தது தானாக விழட்டும் என்றார். அளவெடுக்க வந்த அன்று, வீட்டை ஒட்டிய என் பட்டறையில் நாற்காலியில் சாய்ந்துகொண்டே, "உங்க மருமக தங்கமான பொண்ணுதாங்க, நான் குறை சொல்லலை. ஆனா பிறவின்னு ஒண்ணு இருக்கே. இன்னிக்கு இனிக்கும், ஒருநாள் கொத்தும். பேரப்பிள்ளை பொறக்கறதுக்குள்ள அவளை நம்ம பக்கம் இழுத்துருங்க" என்றார். நான் மரியாதையாகப் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிட்டார். மன்றத்தார் பேசும்போது நடுவில் நுழைவது ஓடுகிற ரயிலில் ஏறுவதுபோல, உங்களுக்குத் தெரியாததல்ல. "வாயைத் திறங்க" என்றேன். திறந்தார். மாவு நிரப்பிய தட்டை உள்ளே வைத்தேன்.

உங்களுக்கு இந்தத் தொழில் தெரியாது, அதனால் சொல்கிறேன். அந்த மாவு வாய்க்குள் இறுகும்வரை ஆள் அசையக் கூடாது, பேசக் கூடாது, மூக்கால்தான் மூச்சுவிட வேண்டும். பட்டறை நிசப்தமாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் மன்றத்தைச் சேர்ந்த ஒருவர் நான் பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்கத் தயாராக உட்கார்ந்திருந்தது அதுவே முதல் தடவை. விடுவேனா? "ஐயா, நீங்க வயசுல பெரியவங்க, உங்க பக்தி மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா நீங்க இப்ப சொன்னது எனக்கு வலிச்சுது" என்று ஆரம்பித்தேன். அவர் "ம்ம்" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். "என் வீட்டுக்காரிக்குக் காய்ச்சல் வந்தப்போ லீவு போட்டுட்டுப் பக்கத்துலயே இருந்தது அவதான். நான் பெத்தவன் வேலைக்குப் போயிட்டான்" என்றேன். "ம்ம்ம்" என்றார். "அவ பிரார்த்தனை பண்றப்போ கதவைச் சாத்திக்கறா ஐயா. குரல் வெளியே வராம, யாருக்கோ தொந்தரவு குடுக்கற மாதிரி, மெதுவா பண்றா. தன்னோட கடவுள்கிட்டப் பேசறதுக்கு ஒருத்தி எங்க வீட்டுல பயப்படறாளேன்னு எனக்கு வெட்கமா இருக்கு" என்றேன். அப்போது அவர் கையையும் ஆட்டினார். மனம் உருகிவிட்டார் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சொன்னேன். பிறகு பார்த்தால் அவர் சுட்டிக்காட்டியது தட்டை. மாவு எப்போதோ கல்லாகியிருந்தது. இழுத்தேன், வரவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இழுத்தேன், வந்தது. மாவோடு ஆடிய பல்லும் வந்தது. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். இவருக்குப் பல் போன பிறகுதான் சொல்லே வந்தது. அதை எல்லாம் மரியாதையான கடிதத்தில் எழுத முடியாது.

அவர் உங்களிடம் வந்து முறையிட்டதும், நீங்கள் எனக்குக் கடிதம் போட்டதும் மருமகளுக்குத் தெரிந்துவிட்டது. யாரையும் கேட்காமல் அவளே பொருளாளருக்குப் போன் போட்டாள். "வணக்கம் ஐயா, உங்க பல் சம்பந்தமா பேசறேன்" என்று தொடங்கி, அவர் திட்டியதற்கெல்லாம் நன்றி சொல்லி, பல்லின் வரலாற்றை ஆதியோடந்தமாகக் கேட்டு, கடைசியில் வழக்கம்போல், "வேற ஏதாவது குறை இருக்கா ஐயா?" என்று விசாரித்தாள். இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டுப் பல வருஷம் ஆகியிருக்கும் போலிருக்கிறது. மகன் வெளியூரிலிருந்து பேசுவதில்லை என்றார். மாடிக்கு லிஃப்ட் வேலை செய்யவில்லை என்றார். ராத்திரி தூக்கம் வரவில்லை என்றார். மறுநாளிலிருந்து தினமும் அவள் வேலை முடிந்து வீட்டுக்குள் கால் வைக்கிற நேரம் பார்த்து அவரே கூப்பிடுகிறார். பிரம்மாண்டமான சிநேகம்! இதில் ஒரே ஒரு சிக்கல். ஒவ்வொரு நாளும் போனை வைக்கும் முன், "நீ ரொம்ப நல்ல பொண்ணும்மா, உன்னைப் பாத்தா அவங்க ஆளுன்னே தெரியலை" என்று வாழ்த்திவிட்டுத்தான் வைக்கிறார். அவளும் நன்றி ஐயா என்கிறாள்.

போன வாரம் அப்படி ஒரு போனை வைத்துவிட்டுக் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் வாசலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "மாமா, ஆபீஸ்ல நாள் முழுக்க எத்தனையோ பேர் திட்டறாங்க. சாயங்காலம் ஹெட்போனைக் கழட்டி வெச்சா முடிஞ்சுபோச்சு. வீட்டுல எதை மாமா கழட்டறது?" என்று கேட்டாள். கோபமே இல்லை குரலில். லிஃப்ட் எப்போது சரியாகும் என்று கேட்பதுபோல் கேட்டாள். எதிரில் இருந்தவள் வாயில் மாவும் இல்லை, என் வாய்தான் இறுகிப்போயிற்று. மறுநாள் மகன் அவள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை கொண்ட ஒரு வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். சும்மா பார்த்தேன் என்கிறான். செருப்பைச் சும்மா பார்க்கலாம், வாடகை வீட்டை யாராவது சும்மா பார்ப்பார்களா மச்சான்? அவள் போவது எனக்குப் பிடிக்கவில்லை. போனால் இந்த வீடு எனக்குத் தாங்காது. நீங்கள் வராமல் போனால் உங்கள் தங்கைக்குத் தாங்காது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த நிலைமையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

எனவே என் முடிவைப் பணிவோடு தெரிவிக்கிறேன். பல்லுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். மன்றத்துக்கு வந்து எல்லோர் முன்னாலும் கேட்கச் சொன்னாலும் கேட்கிறேன். ஆனால் தனியாகத்தான் வருவேன், மருமகளை அழைத்து வர மாட்டேன். அவள் யாருடைய பல்லையும் தொடவில்லை. நீங்கள் எப்போதும்போல் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். வரும்போது அவளுடைய பிறவி, கடவுள், சுத்தம் இவற்றைப் பற்றிப் பேசாமல் இருந்தால் நன்றியுள்ளவனாக இருப்பேன். கெட்ட எண்ணத்தோடு சொல்பவனுக்கு ஏதாவது பதில் சொல்லிவிடலாம். நல்ல எண்ணத்தோடு சொன்னால் பதில் சொல்ல வழியில்லாமல் அது உள்ளேயே தங்கிவிடுகிறது. அப்படியும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், அவள் அலுவலகத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து வந்து, பட்டறையில் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போங்கள். நான் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மனமும் ஆறும், வீடும் நிலைக்கும்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சிறியவர்களுக்கு என் ஆசியையும் சொல்லவும். நீங்கள் நம்பும் ஆண்டவன் உங்களையும், அவள் நம்பும் ஆண்டவன் எங்களையும், அவரவர் வசதிப்படி மாறி மாறியும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல்லைத் தட்டாத,
தங்கை கணவன்

பின்குறிப்பு: கடிதத்தை உங்கள் தங்கைக்குப் படித்துக் காட்டி, மரியாதை போதுமா என்று கேட்டேன். பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். கீழே இருப்பது அவள் எழுதியது.

அண்ணா, இவர் மேல எழுதினதை எல்லாம் அடிச்சுடு. மரியாதையா எழுதுங்கன்னு சொன்னது நான்தான், தப்பா சொல்லிட்டேன். இவர் மன்றத்துக்கு வர மாட்டார். பல்லு விழுந்ததுக்கு வீட்டுல வெச்சே மன்னிப்புக் கேட்டாச்சு, அது போதும். பட்டறைக்கு வந்து இவர் காதுல ஓதிட்டுப் போறதும் வேண்டாம். அப்பா செத்த வருஷம் பெரியம்மா வீட்டுல நம்ம ரெண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோமே, ஞாபகம் இருக்கா? என்னைப் பாத்து, அப்பனை முழுங்கினது இப்ப சோத்தை முழுங்க வந்திருக்குன்னு பெரியம்மா சொன்னாங்க. நீ மரியாதையா பதில் சொல்லலை. மரியாதை இல்லாமலும் சொல்லலை. என் தட்டையும் உன் தட்டையும் எடுத்து ஓரமா வெச்சுட்டு, என் கையைப் பிடிச்சு வெளியே கூட்டிட்டு வந்துட்ட. அன்னிக்கு முழுக்க ரெண்டு பேரும் பட்டினி. எனக்குப் பசிக்கவே இல்லை, எங்க அண்ணன் இருக்கான்னு அவ்வளவு பெருமை. இந்தப் பொண்ணுக்குக் கூடப் பொறந்த அண்ணன் கிடையாது. நான்தான் இருக்கேன். அதனால சாப்பிட வா, எப்ப வேணும்னாலும் வா, உனக்குப் பிடிச்சதைச் செஞ்சு வெக்கறேன். ஆனா உட்கார்ந்து சாப்பிடறப்போ அவளைப் பத்தி ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, பாதிச் சாப்பாடா இருந்தாலும் உன் தட்டை எடுத்துருவேன். கோவிச்சுக்காதே, நீ சொல்லிக் குடுத்ததுதான்.