லாகின் பக்கம் என்னைத் துரத்தியடித்த விவரம்

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நலம் என்று எழுத வேண்டும். கை வரமாட்டேன் என்கிறது. அவ்விடமாவது தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருங்கள். போனில் சொன்னால் அக்கா ஒட்டுக்கேட்டுவிடுவாள் என்பதால்தான் இந்தக் கடிதம்.

தாங்கள் நாலு பேரிடம் சொல்லி வாங்கிக்கொடுத்த வேலை போய்விட்டது அத்தான். எங்கள் கம்பெனி ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு இணையதளம் செய்து கொடுப்பது தங்களுக்குத் தெரியும். அனுமதி இல்லாதவர் அதில் ஒரு பக்கத்தைத் திறந்தால், 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று சொல்லி நிறுத்த வேண்டும். அதுவோ அவரை லாகின் பக்கத்துக்குத் துரத்தியது. லாகின் பக்கம், இவர்தான் ஏற்கெனவே உள்ளே வந்தவராயிற்றே என்று பழைய பக்கத்துக்கே திருப்பி அனுப்பியது. அது மறுபடியும் துரத்தியது. இன்று காலையில் ஒரு நர்ஸ் அழைத்து, "சார், உள்ள போனா வெளிய தள்ளுது, வெளிய வந்தா உள்ள இழுக்குது. எனக்குத் தலையே சுத்துது" என்று சத்தம் போட்டார்.

சரிசெய்ய உட்கார்ந்தேன். என் கணக்கில் நுழைந்தால் என்னையும் சுற்றவிட்டது. எனக்குத்தான் எல்லாப் பக்கத்துக்கும் அனுமதி உண்டே, இது வேறு கோளாறு என்று எண்ணி பிரவுசரை மாற்றினேன், பாஸ்வேர்டை மாற்றினேன், கடைசியில் கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேன். பக்கத்து மேஜைத் தாடிக்காரரிடம், "உங்களுக்குத் திறக்குதா?" என்றேன். "எனக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சோறு தண்ணி இல்லாமல் தேடியதில் மாலையில் கோளாறு பிடிபட்டது. லாகின் செய்யாதவரையும், லாகின் செய்தும் அனுமதி இல்லாதவரையும் நிரல் ஒரே ஆளாக எண்ணியிருந்தது. இரண்டு பேரையும் பிரித்து, அனுமதி இல்லாதவருக்கென்று தனிப் பக்கம் வைத்தேன். சுழல் நின்றது. என் கணக்கில் நுழைந்து பார்த்தேன், திரையில் பளிச்சென்று வந்தது: 'மன்னிக்கவும். உங்கள் அனுமதி திரும்பப் பெறப்பட்டது.'

கோளாறு தீர்ந்தது அத்தான், கூடவே நானும் தீர்ந்தேன். பகலெல்லாம் அது என்னைப் போ போ என்றிருக்கிறது. என்னை வெளியே தள்ளும் கதவுக்கு நானே எண்ணெய் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

நேராக மேலாளர் அறைக்குள் புகுந்தேன். "முகத்தைப் பார்த்துச் சொல்லத் துப்பில்லையா? மெஷின வெச்சா ஆள அனுப்புறீங்க? உங்க வேலையும் வேணாம், உங்க சகவாசமும் வேணாம்!" என்று அலறி, அடையாள அட்டையைக் கழற்றி வீசினேன். அது அவருடைய காப்பிக் குவளைக்குள் விழுந்தது. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், நான் நிற்கவில்லை.

இப்போது பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் அவள் மாசமாக இருக்கிறாள். "உங்க வேலை நிலைச்சிடுச்சு, இனிமே எனக்குக் கவலையில்ல" என்று நேற்றுதான் சொன்னாள். எந்த முகத்தோடு கதவைத் தட்டுவேன்? வேறு இடம் கிடைக்குமா என்று பாருங்கள். அக்கா காதில் போட வேண்டாம். பிள்ளைகளுக்கு ஆசி, தங்களுக்கு வணக்கம். இரண்டுக்கும் இன்று என்னிடம் தெம்பில்லை.

தங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் தாடிக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஏம்ப்பா, உன்னை யாரு நீக்குனது? பெரிய பதவிக்கு மாத்துறாங்க. பழைய அனுமதிய எடுத்துட்டுத்தான் புதுசு குடுக்கணும். சாயங்காலம் சொல்லி உன்னை அசத்தலாம்னு எங்க எல்லாரையும் வாய மூடிட்டு இருக்கச் சொன்னாங்க."

"அப்ப நான் திரும்பி வரட்டுமா?" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். "நீ கத்துனப்ப மேலாளர் முதலாளியோட போன்ல இருந்தாரு. ஸ்பீக்கர் போட்டு."

ஆகவே அத்தான், மேலே எழுதியதில் ஒரு திருத்தம்: கம்பெனி என்னை நீக்கவில்லை. வேறு இடம் பார்க்கும்படி தங்களைக் கேட்டது மட்டும் அப்படியே இருக்கட்டும்.