நான்கு கேமராவுக்கு ஒரு மூளை தேடிய படலம்

வாழ்க அவன் முழங்கால். வாழ்க அம்முழங்காலில் பூத்துக் குலுங்கும் ஊதாநிறக் கன்றல்கள். வாழ்க, மாடிதோறும் ஏறுவோர்க்கு ஏற்றமும் இறங்குவோர்க்கு இறக்கமும் இடையறாது வழங்கி, நடுவழியில் சிக்கி நின்றோர்க்குக் கதவு பிளந்து காட்சி தரும் கருணைக்கடல், எண்ணெய்க்கறை படிந்த எழில்விரலோன், லிஃப்ட் மெக்கானிக்காகிய நம் தலைவன்! வீட்டுக் கேமராக்களின் காட்சியைப் பதிந்து வைக்கும் கணினிக்கு ஒரு பிராசசர் வாங்கும்பொருட்டு இருபத்தொரு நாள் அவன் நிகழ்த்திய பெரும்போரைப் பாட எழுந்தோம். மின்சாரமே, பாட்டு பாதியில் நிற்கையில் போய்விடாதே; யாம் வேண்டும் வரம் அது ஒன்றே.

போர் மூண்ட காரணம் உரைப்பாம். தலைவனின் இல்லத்தரசி, மடங்காத முழங்கையை மடக்குவாள், நிமிராத முதுகை நிமிர்த்துவாள், வீடுவீடாகச் சென்று பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட். அவளுடைய தேரும் குதிரையும் ஒரு சைக்கிள். பட்டப்பகலில், வாயிற்கதவின் உட்புறம் பூட்டி நிறுத்திய அந்தச் சைக்கிளை, அறுத்த பூட்டை மட்டும் அடையாளத்துக்கு விட்டுவிட்டு, முகமறியாத கள்வன் ஒருவன் கவர்ந்து சென்றான். அன்று அவள் நான்கு வீட்டுக்கும் நடந்தே போனாள். கடைசி வீட்டில், பக்கவாதம் வந்த தையற்காரர் ஒருவர், அசையாத இடக்கையை மேசைமேல் எடுத்து வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தாராம். கள்வனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கொதித்த அவள் குரல், அதைச் சொல்லும்போது மட்டும் தாழ்ந்தது.

புதிய சைக்கிள் வந்தது. கூடவே ஓர் ஆணையும் வந்தது: வாயிலுக்குக் காவல் ஏற்படும்வரை சைக்கிள் ஹாலில்தான் நிற்கும். அவ்வாறே நின்றது. சோபாவுக்கும் டிவிக்கும் இடையே, குறுநிலம் பிடித்த பகைமன்னன் போல, ஹேண்டில்பாரை இருபுறமும் பரப்பிக்கொண்டு நின்றது. அதன் இடப் பெடல் தலைவனின் முழங்காலை நாள்தோறும் இருமுறை, போகையில் ஒன்று வருகையில் ஒன்று எனக் கணக்குத் தவறாமல் தாக்கியது.

சினந்தெழுந்தான் தலைவன். ஏணி எடுத்தான், துளை போட்டான், வாயிலுக்கு ஒன்று, படிக்கு ஒன்று, பக்கச் சந்துக்கு ஒன்று, கொல்லைக்கு ஒன்று என நாற்றிசையும் நோக்கும் நான்கு கேமராக்களை ஒரே நாளில் சுவரேற்றினான். காட்சியைப் பதிய, கடைகளில் ஆயத்தப் பெட்டிகள் அடுக்கடுக்காய்க் கிடைக்கவே செய்தன. ஆயினும், முப்பது மாடி லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திருகுதிருகாய்க் கழற்றித் திரும்பப் பூட்டிய கை, பிறர் பூட்டிய பெட்டியைத் தீண்டுமோ? தீண்டாது. தன் கையாலேயே கணினி கட்டுவதெனச் சூளுரைத்தான். கூடு வாங்கினான், மதர்போர்டு வாங்கினான், மெமரி வாங்கினான், இரவுபகல் எழுதினாலும் சலியாத ஹார்ட் டிஸ்க் வாங்கினான். எஞ்சியது மூளை ஒன்றே. பிராசசர் என உலகம் வழங்கும், தீப்பெட்டியினும் சிறிய அந்தச் சில்லு.

இங்கே களம் புகுகிறான் சகலை.

தலைவியின் அக்காளை மணந்தவன், தொழிலால் வீடியோ எடிட்டர், தலைவன் எதை வாங்கினாலும் அதனினும் பெரிதை ஆறு மாதம் முன்பே வாங்கிவிட்டிருக்கும் அபூர்வ வரம் பெற்றவன். ஃபிரிட்ஜில் தோற்றான் தலைவன். வாஷிங் மெஷினில் தோற்றான். போனில் தோற்றது இருமுறை. இம்முறையும் செய்தி காற்றெனப் பரவ, சகலை தொலைபேசியில் தோன்றித் திருவாய் மலர்ந்தருளினான்:

"பதினாறு கோர் இல்லாம கேமரா வைக்கிறதும் ஒண்ணுதான், கண்ணை மூடிக்கிட்டு காவல் நிக்கிறதும் ஒண்ணுதான் சகலை. எங்க வீட்டுல நான் பதினாறுதான் போட்டிருக்கேன்."

கோர் என்பது பிராசசருக்குள் இருந்து வேலை செய்யும் கை எனக் கொள்க. பதினாறு கை! அச்சொல் தலைவனின் செவி வழிப் புகுந்து நெஞ்சில் கூடாரமடித்தது. அதன்பின் அவன் உண்ட சோறு அறியான், உடுத்த சட்டை அறியான். லிஃப்ட் பெட்டியின் கூரைமீது அமர்ந்து, இருள்சூழ் குழியின் நடுவே, ஒரு கையில் எண்ணெய்க் குப்பியும் மறுகையில் போனுமாக, எந்தப் பிராசசர் எதனினும் வேகமானது என்னும் அட்டவணைகளை ஆராய்ந்தான். மேலே அழைப்புமணியை அழுத்தியோர் அழுத்தியபடி இருந்தனர். முன்பின் காணாத மனிதர்கள் இணையத்தில் இட்ட சண்டைகளில் எல்லாம் தானும் ஒரு பக்கம் சேர்ந்து வெகுண்டான். நாட்கள் ஒழிந்தன, கேமராக்கள் பார்த்தன, பார்த்ததை வைத்துக்கொள்ள இடமின்றி மறந்தன.

பதினெட்டாம் நாள் உதிரிபாகக் கடையின் வாயில் புகுந்தான். கவுண்டரில் இருந்த அம்மையார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூன்றே கேள்வி கேட்டாள். எத்தனை கேமரா? இரவுபகல் ஓட வேண்டுமா? வேறு வேலை ஏதும் அந்தக் கணினியில் உண்டா? நான்கு, ஆம், இல்லை என விடை பெற்றதும் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டியை எடுத்து வைத்தாள்.

"நாலு கோர் தாராளமா போதும் சார். கேமரா அனுப்பறதை அப்படியே டிஸ்க்ல எழுதி வைக்கப் போகுது, அவ்வளவுதான் வேலை. படம் காட்டற பகுதியும் இதுக்குள்ளயே இருக்கு. சூடாகாது, கரண்டும் இழுக்காது."

நான்கா? வெறும் நான்கா? குடும்பம் கூடும் நாளில், கூடத்தின் நடுவே, எத்தனை கோர் என்று சகலை கேட்க, நான்கு என்று விடையிறுக்கும் அக்காட்சி தலைவனின் மனக்கண்ணில் எழுந்தது. அம்மையார் மேலும் ஏதோ எச்சரித்தாள். வீரர் செவியில் எச்சரிக்கை ஏறுவதில்லை. மேல்தட்டைச் சுட்டினான், பதினாறைக் கைக்கொண்டான், வெற்றிவேந்தன் போல் வெளியேறினான்.

ஞாயிறு புலர்ந்தது. மாடிப்படியின் அடியில் துடைப்பமும் பழைய செருப்புகளும் ஆண்ட சிற்றறையே போர்க்களம். மூளையைப் பொருத்தினான், விசிறியைப் பூட்டினான், பொத்தானை அழுத்தினான். ஆகா, என்ன முழக்கம்! ஊழிக்காற்று ஒடுங்கிக் கிடந்து ஒருசேரக் கிளம்பினாற்போல் விசிறிகள் சுழன்றன, செருப்புகள் அதிர்ந்தன, துடைப்பம் சரிந்தது. மானிட்டரோ, அமாவாசையை வெட்டி ஒட்டினாற்போல் இருண்டிருந்தது.

கேபிளை மாற்றினான். மெமரியைப் பிடுங்கி ஊதிச் செருகினான். பக்கத்து வீட்டு மானிட்டரை இரவல் வாங்கி வந்தான், அதுவும் இருண்டது, அது நல்லதென்று நிரூபிக்க அவர்கள் வீட்டில் திரும்ப மாட்டிக் காட்ட வேண்டியதாயிற்று. மூன்று மணி நேரம் பொருதான். எத்தனையோ லிஃப்டுகளை உயிர்ப்பித்த கை அங்கே ஒன்றும் செய்யமாட்டாமல் தொடைமீது விழுந்தது.

அப்போது தலைவி வந்தாள். சிற்றறை வாயிலில் நின்று, விசிறிகளின் ஆரவாரம் அடங்கட்டும் எனச் சற்றுப் பொறுத்து, அது அடங்காதெனக் கண்டு, தானே சுவிட்சை அணைத்தாள்.

"எனக்குத் திருடனைப் பிடிக்கணும்னுகூட இல்லைங்க," என்றாள். "சைக்கிளை வெளிய நிறுத்திட்டு நிம்மதியா உள்ள வரணும். காலையில கிளம்பும்போது அது அங்கேயே இருக்கணும். அவ்வளவுதான்."

கோபித்துச் சொல்லியிருந்தால் எதிர்த்து நின்றிருப்பான். அவள் கோபிக்கவில்லை. இத்தனை நாளும் தான் யாருடன் போரிட்டோம் என எண்ணிப் பார்த்தான் தலைவன். கள்வனோடு அன்று, சகலையோடு. போனை எடுத்துக் கடைக்கு அழைத்தான். ஞாயிற்றுக்கிழமையிலும் கடை காத்த அம்மையார், பதறாமல் விளக்கினாள்: அந்தப் பதினாறில் படம் காட்டும் பகுதியே கிடையாது, தனியே ஒரு கார்டு போட வேண்டும், அன்றைக்கே சொன்னேனே சார்.

மறுநாள் காலை அவன் அவள் கவுண்டர் முன் நின்றான். முடிதுறந்த மன்னனும் அத்தனை பணிவாய் நின்றிரான். "அந்த நாலையே குடுங்கம்மா," என்றான். அவள் பெரியதை உருப்பெருக்கியின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்த்து, விசிறிக்கடியில் பூசி ஒட்டியிருந்த பசையைத் துணியால் துடைத்து, அதே போர்டில் இதுவும் பொருந்தும் என்று மட்டும் சொல்லி, சோப்புக்கட்டிப் பெட்டியை நீட்டினாள். வேறொரு சொல் சொல்லவில்லை. அப்பெருந்தகைமையை எழுத எமக்கு ஏடு போதாது.

பத்தே நிமிடம். பொத்தான் அழுந்தியது, விசிறி தாலாட்டுப்போல் மெல்ல முனகியது, கரிய திரையில் நாற்கட்டமாய் நான்கு காட்சிகள் மலர்ந்தன. தலைவி சைக்கிளை உருட்டிச் சென்று வாயிலருகே பூட்டினாள். பின், மேலே கேமராவை நோக்கி, நோயாளிகளுக்குக் காட்டுவதுபோல் இரு கையையும் தலைக்குமேல் உயர்த்தி, பத்து எண்ணும்வரை பிடித்து, இறக்கிக் காட்டினாள். சிற்றறையில் செருப்புகளின் நடுவே அமர்ந்திருந்த தலைவன், திரையில் அதைக் கண்டு, யாரும் இல்லாத இடத்தில் தானும் கை தூக்கினான்.

ஒரு வாரம் கழிந்தது. சைக்கிள் இருந்த இடத்தில் இருந்தது. திரையின் முதற்கட்டத்தில், வாயிற்கதவைத் திறந்துகொண்டு சகலை வந்தான். கண்டான் தலைவன்; எழுந்தான்; நான்கு கோரின் பெருமையை நாற்பது சொற்றொடரில் நிறுவும் உரையொன்றை நெஞ்சுக்குள் அணிவகுத்து நிறுத்தினான். சகலையோ சிற்றறைக்குள் குனிந்து நுழைந்து, திரையை நெடுநேரம் பார்த்து, காதைக் கணினியின் பக்கம் சாய்த்து, பின்னால் யாரும் இல்லையென உறுதி செய்துகொண்டு, தணிந்த குரலில் வாய் திறந்தான்:

"சத்தமே இல்லையே சகலை. எங்க வீட்டுல அது போடற இரைச்சல்ல டிவி கேக்கலைன்னு ரெண்டு மாசமா சண்டை. இது எந்த மாடல்? நானும் மாத்திடலாம்னு பாக்கறேன்."

திசைகள் அதிர, ஃபிரிட்ஜின் தோல்வியும் வாஷிங் மெஷினின் தோல்வியும் போன்களின் இரட்டைத் தோல்வியும் ஒருங்கே துடைத்தழிய, பகைவன் தானே வந்து பாதம் பணிந்த அப்பெருங்கணத்தில், இருபத்தொரு நாள் அட்டவணை கற்ற அறிவுக்கடல், நெஞ்சு நிமிர்த்தி, தொண்டை செருமி, வலக்கை உயர்த்தி, வரலாறு தன் வாய் பார்த்து நிற்பதை உணர்ந்து, உலகெலாம் கேட்க அந்தப் பெயரை மொழியத் தலைப்பட்டான்.

மாடல் நம்பர் அவனுக்கு ஞாபகம் வரவில்லை.