முதுகு நானா என்னைக் கடத்திய நாள்

கொழும்பில் உள்ள அத்தனை பேரின் முள்ளந்தண்டுக்கும் தானே பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு மனிதரில் எனக்கு முப்பது வருடக் கோபம். அவர் டொக்டர் இல்லை. வெள்ளவத்தையில் பள்ளிக்கூட வேன் ஓட்டினவர். சொந்தப் பெயர் எங்களுக்குத் தெரியாது. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம், எல்லாருக்கும் அவர் முதுகு நானா.

வேன் ஓட்டி ஓட்டித் தன் இடுப்பைக் கெடுத்துக்கொண்ட மனுஷன், பிறகு ஊரார் இடுப்பைக் கவனிக்கத் தொடங்கினார். நாங்கள் ஏறும்போதே புத்தகப் பையைப் பிடுங்கித் தூக்கிப் பார்ப்பார். பாரம் கூடவென்றால் தாயைக் கூப்பிட்டு வாசலிலேயே ஏச்சு. காலி வீதியில் யாராவது கூனி நடந்தால் ஹோர்ன் அடித்து, தலையை வெளியே நீட்டி, நிமிர்ந்து நடக்கச் சொல்லுவார். ஒருநாள் அப்படி ஹோர்ன் வாங்கியவர் எங்கள் பிரின்சிபல். நாங்கள் சீட்டுக்கடியில் ஒளிந்துகொண்டோம்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. ஈட்டி எறிவேன். காலையும் பின்னேரமும் பள்ளிக்கூடத்தில், சனி ஞாயிறு கிளப்பில். அந்த வருடம் வளர்ந்த வேகத்தில் யூனிஃபோர்ம் மடிப்பை இரண்டு தரம் அவிழ்த்துவிட வேண்டியிருந்தது. இடுப்புக்கு மேலே ஒரு வலி வந்து உட்கார்ந்தது. ஈட்டி பழக்கும் கோச் சேரிடம் சொன்னேன். வலித்தால்தான் மெடல் என்றார். அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். பெண்பிள்ளைக்கு முதுகு வலித்தால் எங்கள் வீடுகளில் ஒரே காரணம், ஒரே மருந்து. பச்சை முட்டை, நல்லெண்ணெய், உளுத்தங்களி. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிவிட்டுப் போய் மறுபடி எறிந்தேன். முட்டை சாப்பிடுகிறேன் என்று கேள்விப்பட்ட கோச் சேர் சந்தோஷப்பட்டு, நாளுக்கு இருபது எறி கூட்டினார்.

நான் கம்பியில் தொங்கி வேனில் ஏறுவதை நானா கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"வலி ஈக்குதா மகள்?"

இல்லை என்றேன். ஒரு கிழமை தினமும் கேட்டார், தினமும் இல்லை என்றேன். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அகில இலங்கைப் போட்டி. மூன்று வருடமாக நான் காத்திருந்த நாள். என்னை மைதானத்தில் இறக்கிவிட அப்பா நானாவைத்தான் பிடித்திருந்தார். துணைக்குத் தங்கச்சி. திரும்ப வேண்டிய இடத்தில் வேன் திரும்பவில்லை. நேரே மருதானைப் பக்கம் போனது. யுத்த காலம், வழியில் செக்பொயின்ட். வேனுக்குள் நீட்டுக்குக் கிடந்த ஈட்டியைக் கண்டு சிப்பாய் இரண்டடி பின்னால் போனான். நானா ஆறுதலாகச் சிங்களத்தில், நோயாளி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன் என்றார். எனக்கு ஒரு நோயும் இல்லை என்று தெரிந்த சிங்களத்தில் நான் கத்தினேன். கத்தின கத்தில் நோய் முற்றிவிட்டது என்று சிப்பாய் நினைத்திருக்க வேண்டும். எங்களை அவ்வளவு கெதியாக ஒருநாளும் விட்டதில்லை.

மைதானத்தில் என் பெயரைக் கூப்பிட்ட நேரம் நான் எக்ஸ்ரே மேசையில் கிடந்தேன். கீழ் முதுகெலும்பில் வெடிப்பு. இந்தப் பிள்ளையை எறியவிட்டது யார் என்று டொக்டர் கேட்டார். செய்தி கேட்டு ஓடிவந்து நானாவுக்கு ஏசிக்கொண்டிருந்த அப்பா வாயை மூடினார். ஆறு மாதம் ஈட்டியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

பொம்பிளைப் பிள்ளையைச் சொல்லாமல் கொண்டுபோனவன் என்று ஆறு வீட்டார் வேனை மாற்றினார்கள். நான் அதே வேனில்தான் போனேன், ஒரு சொல் கதைக்காமல். ஒருநாள் இறங்கும்போது தாங்கமுடியாமல் வெடித்தேன்.

"நீங்கள் ஆர் எனக்கு? அப்பாவா, டொக்டரா? மூண்டு வருசமா எறிஞ்சனான், ஒரு நாளில நாசமாக்கிப் போட்டீங்கள்."

நானா எஞ்சினை நிறுத்தினார்.

"ஏசுங்க மகள். எவ்வளவு வேணுமெண்டாலும் ஏசுங்க. ஆனா நிமிந்து நிண்டு ஏசுங்க."

அடுத்த வருடம் எறிந்தேன். நாலாவதாக வந்தேன். அதற்கும் சேர்த்து ஏசினேன். வளர்ந்து, வேலைக்குப் போய், கல்யாணம் கட்டின பிறகும், காலி வீதியில் எங்கே கண்டாலும் மறித்து ஏசினேன். அவரும் வேனை ஓரங்கட்டிவிட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

போன மாதம் தங்கச்சி போன் எடுத்து, நானா மௌத்தாகிவிட்டாராம் என்றாள். நான் இன்னும் ஏசி முடிக்கவில்லை. அதற்குள் எப்படிச் செத்துப்போகலாம் அந்த மனுஷன் என்று, குசினிக்குள் அடுப்புக்கு முன்னால் நிமிர்ந்து நின்று அழுதேன்.