அட்டைக்கு மருந்து

தேயிலைச் செடியைக் கண்ணால் காணாமல் மலையிறங்குவதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். சீட்டாடுகிறவர்களுக்கு மணிக்கொரு முறை தேநீர் போடுவதற்காகவே நான் மலையேறியிருக்கிறேன் என்று என் கணவர் அருளப்பன் முடிவு செய்திருந்தார். எழுபத்தெட்டாம் ஆண்டுப் பங்குனி மாதம். கொடைக்கானலுக்கு மேலே, அவருடைய நண்பர் மரியஅந்தோணியின் வீட்டில் தங்கியிருந்தோம். தேயிலைத் தோட்டம் இரண்டு மைல். அடுத்த பஸ் மறுநாள் காலைதான். அதில் நாங்கள் ஊர் திரும்பியாக வேண்டும்.

என்னைத் தனியே அனுப்ப அவருக்கு மனமில்லை. சீட்டை விட்டு உடன் வரக் காலெழவில்லை. ஆகவே பொய் சொன்னார்.

“தோட்டம் பூரா அட்டை கெடக்கு லீமா. ஒண்ணு ஒட்டுச்சுன்னா அரைப்படி ரத்தம் குடிச்சுட்டுத்தான் விடும்.”

“அரைப்படியா?”

“முக்காப்படி குடிச்சதும் உண்டு. பேசாம அடுப்படிச் சோலியப் பாரு.”

அடுத்த வீட்டுச் சிவபாக்கியம் இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, கப்பலேறி வந்து, இங்கே கொழுந்து பறிப்பவர். அவரிடம் விசாரித்தேன்.

“மழை பெஞ்சாத்தானேம்மா அட்டை வரும். பங்குனி வெயில்ல ஏது?”

“வந்தா என்ன செய்வீங்க?”

“எங்கட தோட்டத்துல சவுக்காரத்தோட, அதான் சோப்போட, பொயிலையக் கரைச்சுக் கால்ல பூசிக்கிருவம்.”

“மூக்குப்பொடியும் பொயிலைதானே?”

பொடி போட்டு என் கணவர் தும்மினால் மூன்று வீடுகளுக்குக் கேட்கும். சிவபாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சீட்டுக் கலைக்கும் கூடத்திலேயே நானும் துணைக்கு வரும் சிவபாக்கியமும் உட்கார்ந்து, பொடியைச் சவுக்காரத்தில் குழைத்து முழங்கால்வரை பூசத் தொடங்கினோம்.

“ஏய்! எம் பொடி டப்பா!”

“அட்டைக்கு மருந்துங்க.”

“முழுசாவா கொட்டுவ?”

“நாலு காலு இருக்குல்ல? முக்காப்படி ரத்தம் பெருசா, ஒரு டப்பா பொடி பெருசா? நீங்களே சொல்லுங்க.”

“தங்கச்சி கேக்குறது நியாயந்தானப்பா,” என்றார் மரியஅந்தோணி, சீட்டிலிருந்து கண்ணெடுக்காமல்.

அட்டை கிடையாது என்று ஒப்புக்கொண்டால் பொடி மிஞ்சும்; மானம் மிஞ்சாது. என் கணவர் காலி டப்பாவைத் தட்டிப் பார்த்தார். வேறு டப்பா வாங்கக் கொடைக்கானல் கடைவீதிக்குத்தான் போக வேண்டும்.

நாங்கள் முதல் வளைவைத் தாண்டவில்லை, பின்னால் செருப்புச் சத்தம்.

“தனியாப் போறியேன்னு வந்தேன்.”

“சீட்டு?”

“கெடக்கு. இம்புட்டு வெரசா நடக்காத. பக்கத்துலயே வா.”

தேயிலைச் செடியைப் பார்த்தேன். இடுப்புயரம், தலையை மட்டமாக வெட்டிவிட்டிருந்தார்கள். கொழுந்தைக் கசக்கி முகர்ந்தால் தேநீர் வாசனையே இல்லை. என் கணவர் எதையும் பார்க்கவில்லை. மேட்டில் ஏறினாலும் ஓடையைத் தாண்டினாலும் என்னை விட்டு அரையடி விலகாமல், குனிந்து குனிந்து என் கால் பக்கமாக மூச்சிழுத்துக்கொண்டே வந்தார். கொழுந்து பறிக்கும் பெண்கள் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“புதுசாக் கலியாணம் கட்டினவங்களா?” என்று ஒருத்தி சிவபாக்கியத்தைக் கேட்டாள்.

“இல்லடி,” என்றார் சிவபாக்கியம். “ஐயாவுக்குப் பொடி தீந்து போச்சு.”