மர உச்சியில் ஆப்பிள் கட்டிய மாமனார்

ஷுமாதியா,
செப்டம்பர் 14.

வியன்னாவில் காலில் மாவுக்கட்டோடு படுத்திருக்கும் அருமை அக்கா ஸோர்காவுக்குத் தம்பி ரதிவோயே எழுதிக்கொண்டது. நானும் என் மனைவி மிலேவாவும் நலம். நேற்று நம் பெண் நெவெனாவின் கல்யாணம் நடந்தேறியது. எப்படி என்று கேட்காதே, கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

விருந்தாளிகள் எல்லாருக்கும் மிலேவா சட்டையில் ரோஸ்மேரிக் கொத்து குத்தினாள். நீ வராததால் உன் பங்கையும் நானே குத்திக்கொண்டேன். "என்ன ரதிவோயே, ரெண்டாங் கல்யாணமா?" என்று ஊரே கேட்டது. போகட்டும். வழக்கப்படி வாசல் வால்நட் மர உச்சியில் ஆப்பிளைக் கட்டினேன். மாப்பிள்ளை அதைச் சுட்டு வீழ்த்தாமல் பெண்ணை அனுப்புவேனா? துப்பாக்கியும் தோட்டாவும் நம்ம வீட்டுது, நானே கையில கொடுத்தேன். அந்த ஓக்னென் பய சுட்டான். டமார்! ஆப்பிள் அசையல. ஏழு தடவை, அக்கா! அப்புறம் சம்பந்தி சுட்டாரு, அவரு மச்சான் சுட்டாரு, சத்தம்தான் மிச்சம். எண்பது பேருக்கும் அண்ணாந்து பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கிச்சு. கொம்பு ஊதுறவங்க ஒவ்வொரு தடவையும் அவசரப்பட்டு வெற்றி மெட்டு ஊதி உதடு வீங்கிப் போச்சு. ராக்கியா சாராயம் தீர்ந்துது. கோயில்லேர்ந்து பாதிரியார் போன் போட்டு, "கல்யாணத்துக்கு வர்றீங்களா, நேரா ஞானஸ்நானத்துக்கே வர்றீங்களா?"ன்னாரு.

நான் மரியாதையாத்தான் சொன்னேன்: "பரவாயில்ல மாப்பிள்ளை, அடுத்த வருஷம் வாங்க. அதுவரைக்கும் பொண்ணு இங்கயே இருக்கட்டும்." மிலேவா என் காலை நறுக்குன்னு மிதிச்சா. அப்பப் பாத்து நெவெனா கல்யாண கவுனோட வெளிய வந்தா. "இப்படிக் குடு"ன்னு துப்பாக்கியை வாங்கி, உள்ள இருந்த தோட்டாவை உருவிப் போட்டுட்டு, பூச்செண்டுக்குள்ளேர்ந்து வேற ஒண்ணை எடுத்துப் போட்டா. ஒரே வெடி! ஆப்பிள் துண்டு துண்டா சம்பந்தி தலையில விழுந்துது. ஊரே ஆடுது, எனக்கு மட்டும் வயிறு எரியுது. குறி பார்க்கத் தெரியாத கூட்டத்துக்கா நம்ம பொண்ணு?

உன் கால் சீக்கிரம் கூடி, நம்ம வாசல்ல நீ ஆட வரணும்னு சாமியை வேண்டிக்கிறேன். அத்தானுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
மானம் போன தம்பி,
ரதிவோயே

பி.கு.: அக்கா, படிச்சதும் இதை அடுப்புல போட்டுடு. முந்தின நாள் தோட்டா எல்லாத்துலேர்ந்தும் ஈயக் குண்டை எடுத்துட்டு, வெறும் வெடிமருந்தோட மூடி வெச்சது நான்தான். மாப்பிள்ளை பாவம், நல்லாத்தான் குறி பார்த்தான். கார்ல ஏறுறப்ப நெவெனா என் கையில ஒரு கைக்குட்டை முடிச்சைத் திணிச்சா. பிரிச்சா, உப்பு ஜாடியில நான் ஒளிச்சு வெச்ச குண்டெல்லாம், ஒண்ணே ஒண்ணு மட்டும் குறையுது! அங்கயே அழுதுட்டேன்க்கா. அவ என் கண்ணைத் துடைச்சுட்டுச் சொன்னா: "ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு ரெண்டு பேரும் வருவோம்ப்பா. அதுக்குள்ள புது உப்பு வாங்கி வை."