பினாங்கு ஆன்ட்டியின் கதவு எண்கள்

இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு சொல்வது இது: ஓ.சி.ஐ. என்னும் வெளிநாடுவாழ் இந்தியர் அட்டை பெற்று ஐந்து ஆண்டுகள் ஆன வெளிநாட்டுக் குடிமகன், விண்ணப்பிக்கும் முன் ஓராண்டு இங்கே குடியிருந்தால், தன்னை இந்தியனாகப் பதிவு செய்யக் கேட்கலாம். கையில் இருக்கும் மற்ற நாட்டுக் குடியுரிமையைத் துறந்துவிட வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டையும் வைத்துக்கொள்ள இடமில்லை. மிகத் தெளிவான சட்டம். இதை எழுதியவர்கள் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருப் பினாங்கு ஆன்ட்டியைச் சந்தித்திருந்தால் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்க மாட்டார்கள்.

சந்தேகப்படுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சந்தேகத்தை முழுநேர உத்தியோகமாக, ஒருநாள்கூட விடுப்பு எடுக்காமல் பார்த்தவர் இவர் ஒருவர்தான். பால் பாக்கெட்டை வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்ப்பார். எடை குறைந்தால் பால்காரரைச் சந்தேகிப்பார், சரியாக இருந்தால் தராசைச் சந்தேகிப்பார். பூசை முடிந்து ஃபாதர் எல்லோரையும் சமாதானமாகப் போய்வரச் சொன்னால், எதற்கு இவ்வளவு அவசரமாக அனுப்புகிறார் என்று வாசலில் நின்று திரும்பிப் பார்ப்பார்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் எவ்வளவுக்கு விற்றேன் என்று கேட்பார். பினாங்கில் பிறந்தவர். பெங்களூரிலிருந்து அங்கே வேலைக்குப் போன ஒரு மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்டு, அவர் ஓய்வுபெற்றதும் கூடவே இங்கே வந்துவிட்டார். மெக்கானிக் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. பிள்ளைகள் இல்லை. பினாங்கில் ஓர் அக்கா மட்டும், மூட்டுவலியோடு, பழைய வீட்டில் தனியாக இருந்தார். ஆன்ட்டியின் பாஸ்போர்ட் மலேசியப் பாஸ்போர்ட், கூடவே பல வருஷப் பழைய ஓ.சி.ஐ. அட்டை. பேச்சில் அங்கங்கே ஒட்டிக்கொள்ளும் 'லா'வும் அந்த ஊருடையதுதான்.

அவர் வீட்டு எண் 27. நான்கு வீடு தள்ளி, 31-இல் நான். அரசுச் செயலகத்தில் கோப்புகளோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன் என்பதால், தெருவில் சாதிச் சான்றிதழ் முதல் இறப்புச் சான்றிதழ் வரை எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். ஆன்ட்டியும் வருவார். வந்து நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, அது சரிதானா என்று இன்னும் மூன்று பேரிடம் விசாரிப்பார்.

ஒருமுறை அவருக்குக் கேஸ் இணைப்பு மாற்றிக் கொடுக்கப் போனபோதுதான் அந்த ரகசியம் தெரிந்தது. ஒவ்வோர் அலுவலகத்துக்கும் அவர் ஒவ்வொரு கதவு எண் கொடுத்திருந்தார். கேஸுக்கு 27/ஏ, வங்கிக்கு 27/பி, இன்சூரன்ஸுக்கு 27/சி. ஏன் என்று கேட்டேன்.

"எவன் நம்ம விலாசத்த விக்கிறான்னு தெரியணும்லா சார். 27/சி-ன்னு போட்டு நகைக்கடை நோட்டீஸ் வந்தா, வித்தவன் இன்சூரன்ஸ்காரன்."

என் சர்வீஸில் இப்படி ஒரு தணிக்கை முறையை எந்த அதிகாரியும் யோசித்ததில்லை. பலியானவர் தபால்காரர்தான். புதிதாக மாற்றலாகி வந்த அந்தப் பையன், கேட்டில் நின்ற ஆன்ட்டியிடமே "27/பி எல்லிதே மேடம்?" என்று வழி கேட்டிருக்கிறான். ஆன்ட்டி "கொத்தில்ல" என்று கன்னடத்தில் கைவிரித்துவிட்டு, அவன் என்ன செய்கிறான் என்று ஜன்னல் வழியாகக் கவனித்திருக்கிறார். அவன் கடிதத்தைத் திருப்பி எடுத்துப் போனான். அந்த மாதமே, வங்கியிலிருந்து தனக்கு ஒரு கடுதாசிகூட வருவதில்லை, உள்ளே ஏதோ நடக்கிறது என்று என்னிடம் புகார்.

இந்த நிலையில் அவருக்குப் புனித பூமிக்குப் போக வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை அவருடையது அல்ல, மெக்கானிக்குடையது. யோர்தான் ஆற்றில் ஒருமுறை கால் நனைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், வெயிலுக்காக நீலத் தொப்பி ஒன்றும் வாங்கி வைத்திருந்தார். போகாமலே போய்விட்டார். தொப்பி அலமாரியில் இருந்தது. கடைக்காரன் மாற்றித் தர மறுப்பான் என்று விலைச்சீட்டைக்கூட ஆன்ட்டி பிரிக்கவில்லை.

பிரேசர் டவுனில் ஒருவர் யாத்திரைக் குழு சேர்த்துக்கொண்டிருந்தார். ஆன்ட்டியின் பாஸ்போர்ட்டைப் புரட்டியதும் திருப்பிக் கொடுத்துவிட்டார். கூடுதல் கமிஷனுக்கு அடிபோடுகிறான் என்று முடிவு கட்டிக்கொண்டு ஆன்ட்டி என்னிடம் வந்தார். வாங்கிப் படித்தேன். இஸ்ரேல் தவிர மற்ற எல்லா நாடுகளுக்கும் செல்லும் என்று அதில் அச்சிட்டிருந்தது.

"இத்தன வருசமா என்கிட்டயே இருக்கு. ஒரு வார்த்த சொல்லல பாருங்க சார்."

"அச்சடிச்சே குடுத்திருக்காங்களே மேடம்."

"அச்சடிச்சா யாரும் படிக்க மாட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரியும்லா."

வழி இரண்டு இருந்தது. யாத்திரை போகும் கிறிஸ்தவர்களுக்கு அந்த அரசு தனி அனுமதி கொடுப்பதுண்டு, அதைக் கேட்டு எழுதலாம். அல்லது சட்டப்படி இந்தியராகிவிடலாம். நம் பாஸ்போர்ட்டில் அப்படித் தடை ஏதும் இல்லை. ஆன்ட்டி இரண்டையும் தொடங்கச் சொன்னார். இரண்டு நாடுகளில் எது மரியாதையாக நடந்துகொள்கிறது என்று பார்த்து முடிவு செய்வாராம்.

மலேசியாவுக்கு நான் எழுதிக் கொடுத்த வரைவு அவருக்குப் பிடிக்கவில்லை. தானே கைப்பட எழுதி, ஓரமெல்லாம் பசை தடவி ஒட்டி, எனக்குக் காட்டாமலே அனுப்பினார். பின்கோடு போட்டீர்களா என்று கேட்டேன். போட்டால் நேராக வீட்டுக்கே வந்துவிடுவார்கள் என்றார். பின்கோடு அதற்குத்தான் என்றேன். அன்று முழுக்க என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மாதங்கள் போயின. பதில் இல்லை. மலேசியா தேறவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, இந்தியாவைப் பரீட்சை பண்ண என் கம்ப்யூட்டர் முன் வந்து உட்கார்ந்தார். சம்பந்தம் பேச வந்தவரைப் போல விசாரணை. இந்தியாக்காரியான பிறகு பிடிக்கவில்லை என்றால் வெளியே வர முடியுமா, புகார் என்றால் யாரிடம் சொல்வது என்றெல்லாம். பக்கம் பக்கமாக நிரப்பி, கடைசியில் சமர்ப்பிக்கும் பொத்தான் மட்டும் பாக்கி. அதை அவரே அழுத்த வேண்டும் என்றேன். மவுஸ் மேல் கை வைத்தவர் என் பக்கம் திரும்பினார்.

"இத அழுத்தினா, எங்க அக்கா வீட்டுக்கு நான் விருந்தாளியா சார்?"

உடனே இல்லை, விண்ணப்பம் ஏற்கப்பட்டுப் பழையதைத் துறந்த பிறகுதான் என்று விதியைச் சொன்னேன். இப்போதைக்கு இந்தியர்கள் விசா இல்லாமலே போய் முப்பது நாள் இருக்கலாம் என்றும் சொன்னேன்.

"முப்பத்தோராவது நாள் அவ கீழ விழுந்து கெடந்தா?"

கிளம்பித்தான் ஆக வேண்டும் என்றேன். யாரிடமும் விசாரிக்காமல் நான் சொன்னதை அவர் அப்படியே நம்பியது அன்று ஒரு நாள்தான். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப அவர் தொப்பி?" என்று மட்டும் கேட்டார்.

அவர் போன பிறகு, மேஜையில் கிடந்த யாத்திரைக்காரரின் நோட்டீஸை ஒரு கோப்பைப் படிப்பதுபோல் முதலிலிருந்து படித்தேன். குழு முதலில் இறங்குவது ஜோர்டான் நாட்டில். அதே ஆற்றின் கிழக்குக் கரை அந்த நாட்டில்தான் இருக்கிறது. இந்தப் பாஸ்போர்ட் அங்கே செல்லும். எதையும் துறக்க வேண்டியதில்லை. உடனே 27-க்குப் போய்ச் சொன்னேன்.

"இந்தக் கரைத் தண்ணியும் அதே தண்ணிதானா?"

"ஆறு ஒண்ணுதான் மேடம். கரைதான் ரெண்டு."

"யாரு சொன்னா?"

ஃபாதரிடம் போய்க் கேட்டார். யோவான் ஞானஸ்நானம் கொடுத்ததே கிழக்குக் கரையில்தான் என்று ஃபாதர் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து, ஃபாதருக்கும் டூரில் கமிஷன் இருக்கும்போல என்றார். ஆனால் போனார். குழு எல்லை தாண்டியபோது அவர் மட்டும் ஊர் திரும்பினார். ஆற்றுப் படியில் எடுத்த போட்டோவில் முழங்கால் வரை தண்ணீர். நீலத் தொப்பியை அவர் தலையில் வைக்கவில்லை, பச்சைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார். விலைச்சீட்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு மேற்குக் கரைக்குப் போய்வந்த பக்கத்து வீட்டம்மாவின் தண்ணீர் பாட்டிலை வாங்கித் தன் பாட்டிலோடு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "கலர் ஒண்ணுதான்லா" என்று ஒப்புக்கொள்ள அரை மணி ஆனது.

சில வாரங்களில் பினாங்கிலிருந்து போன் வந்தது. அக்கா நிஜமாகவே விழுந்துவிட்டார். துறக்காத பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஆன்ட்டி மறுநாளே புறப்பட்டார். திரும்பி வர டிக்கெட் எடுக்கவில்லை. வீட்டுக்கு மூன்று பூட்டு. சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை, என்னிடமும்தான். எனக்குக் கொஞ்சம் மனக்குறை. கேட்டில் நின்று வழியனுப்பியபோது நான் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

தெரு முழுக்க நெற்றியில் சாம்பலோடு மாதா கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு காலை, அதே தபால்காரப் பையன் என் வீட்டு மணியை அடித்தான். பின்கோடு இல்லாததால் பெங்களூரில் பார்க்காத இடம் பாக்கியில்லை என்னும்படி முத்திரை குத்திய உறை. மலேசியத் தபால்தலை. பெயர் ஆன்ட்டியுடையது. கதவு எண் 31.

போன் செய்தேன்.

"பிரிச்சீங்களா சார்?"

"இல்ல மேடம்."

"வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒண்ணும் தெரியல."

திருப்தியாகச் சிரித்தார். அக்கா இப்போது கைபிடித்து நடக்கிறாள், அந்தப் பதில் இனி எதற்கு, இருக்கட்டும் என்றார். இதற்கு மட்டும் ஏன் என் வீட்டு எண் என்று கேட்டேன்.

"மத்ததுக்கெல்லாம், காணாமப் போனா எவன் எடுத்தான்னு தெரியணும். இது காணாமப் போகக் கூடாதுலா சார்."

உறை பிரிக்காமல் என் அகராதிக்கு அடியில் இருக்கிறது. பழைய வழக்கத்தில் அதன் மூலையில் பென்சிலால் குறித்து வைத்தேன்: பெறப்பட்டது, சாம்பல் புதன்.