ஏழுமலையின் பாடும் என் கஷாயமும்

இருபத்து மூன்று வயதில் நான் மலேரியாவை ஒழித்தவன். ஒரு புதன்கிழமை மாலையிலிருந்து வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரை மணி வரை அது ஒழிந்தே இருந்தது. (அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என் வீட்டில் இன்னமும் பேசுகிறார்கள். மனிதர்களுக்கு நல்லதே கண்ணில் படாது.)

எழுபதுகளின் நடுப்பகுதி. போய்த் தொலைந்தது என்று எல்லோரும் நினைத்த மலேரியா, மறந்து வைத்த குடையை எடுக்க வந்தவன் மாதிரி சாவகாசமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. நான் பொன்னேரியில் அறை எடுத்துத் தங்கி, பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் சைக்கிளில் சுற்றும் மலேரியா ஊழியன். காய்ச்சல்காரர்களின் விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மாத்திரை கொடுத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். என்னோடு படித்தவர்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த தொழிற்சாலைகளில் சேர்ந்துவிட்டார்கள். பாக்கெட்டில் இரண்டு பேனா செருகிக்கொண்டு, புதுவாயல் டீக்கடையில் என்னைப் பார்த்து, "இன்னா கொசு, சௌக்கியமா?" என்பார்கள். தாவரவியல் பட்டதாரிக்கு இது தாங்குமா?

மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா மருந்தே ஒரு மரப்பட்டையிலிருந்து வந்ததுதான் என்று கல்லூரியில் படித்திருந்தேன். எங்கேயோ மலையில் முளைத்த மரத்துக்கு இருக்கும் யோக்கியதை நம்மூர்ச் செடிக்கு இருக்காதா? நிலவேம்பு, சீந்தில் கொடி, கழற்சிப் பருப்பு, மிளகு எல்லாம் சேகரித்தேன். அறையில் ஸ்டவ் பற்றவைத்து, எட்டுக்கு ஒன்றாகச் சுண்டக் காய்ச்சினேன். முதல் பரிசோதனை என் மேல்தான். இரண்டு நாள் சர்க்கரையும் கசந்தது. பக்கத்து அறைக்காரர் அறையைக் காலி செய்துகொண்டு போனார். ஆராய்ச்சி சரியான திசையில் போகிறது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தேன்.

இனி வேண்டியது ஒரு நோயாளி. புதன்கிழமை மத்தியானம் கிடைத்தார்.

பெயர் ஏழுமலை. ஏரியில் மீன் பிடிப்பவர், நாற்பது வயது. இரண்டு கோணிப்பையும் ஒரு பழைய பாயும் போர்த்திக்கொண்டு, வெயிலில் படுத்து நடுங்கிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

அவர் மனைவி கன்னியம்மா கவலையோடு சொன்னார். "திங்கக்கெயம வந்திச்சி தம்பி. நேத்து நல்லாத்தான் இருந்தாரு. இன்னிக்கு மறுபடியும் தூக்கிப் போடுது. வெள்ளிக்கெயம எங்க பாடு வேற."

பாடு என்பது அந்த ஏரியின் சட்டம். மீன் நன்றாக விழும் கால்வாய் வாய்களில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பம்தான் வலை போடலாம். சீட்டுப் போட்டு நாள் ஒதுக்குவார்கள். தவறவிட்டால் அடுத்த முறை வர மூன்று வாரமாகும். அதுவரை அந்த வீட்டு அடுப்பு எரிவது அந்த ஒரு நாள் வலையில்தான்.

ரத்தம் எடுத்தேன். மாத்திரை டப்பாவைத் திறக்கவில்லை. மாத்திரையும் கொடுத்துக் கஷாயமும் கொடுத்தால், குணப்படுத்தியது யார் என்று எப்படித் தெரியும்? (இந்த இடத்தில் என்னை நானே அடிக்க வேண்டும் போல இன்றைக்கும் இருக்கிறது. பொறுப்பான மனிதர்கள் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் அன்றைக்கே அடித்திருப்பார்கள்.) பிளாஸ்க்கிலிருந்து ஒரு டம்ளர் கஷாயம் ஊற்றினேன். ஏழுமலை குடித்தார். அவர் முகம் போன போக்கில் நடுக்கமே ஒரு கணம் நின்றது.

சாயங்காலம் வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விட்டது. மிச்சக் கஷாயத்தைச் சட்டியில் ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை நான் போனபோது ஏழுமலை வாசலில் உட்கார்ந்து, பழைய சோறும் கருவாடும் சாப்பிட்டுக்கொண்டே வலையில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். நெற்றியைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. என் கால் தரையில் படவில்லை. பத்திரிகையில் வரப்போகும் என் படத்துக்கு எந்தச் சட்டை போடுவது என்பது வரை யோசித்துவிட்டேன். மருந்துக்கு என் பெயரையே வைப்பதா, அம்மா பெயரை வைப்பதா என்பதில்தான் கொஞ்சம் குழப்பம்.

கன்னியம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, நாளைக்குப் பாட்ட எதுத்த ஊட்டோட மாத்திக்கலாம்னு பாக்கறேன். அவங்க வெள்ளி போட்டுக்கட்டும், நாங்க சனி போட்டுக்கறோம். இன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ள சொல்லிடணும்."

"இன்னாத்துக்கு அக்கா? அதான் குணமாயிடுச்சே."

"திங்க வந்திச்சி, செவ்வா இல்ல. புதன் வந்திச்சி, வியாயன் இல்ல. அப்போ வெள்ளி வருமில்ல?"

ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் இந்த வகைக் காய்ச்சலைப் பற்றிப் பயிற்சியில் எனக்கு ஒரு முழுப் பக்கக் கேள்வி வந்தது. முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். பள்ளிக்கூடம் போகாத கன்னியம்மா விரல் விட்டு எண்ணிய கணக்கு அந்தப் பக்கத்தில் அப்படியே இருந்தது. ஆனால் கண்டுபிடிப்பாளனுக்குப் பழைய பாடமெல்லாம் எங்கே ஞாபகம் வரும்? "அதெல்லாம் மருந்து சாப்பிடாதவங்களுக்கு அக்கா. நாளைக்கு நானே படகுல கூட வரேன்" என்றேன்.

ஏழுமலை சிரித்தார். "படிச்ச புள்ள சொல்லுது, வுடு."

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கால்வாயின் குறுக்கே கழி நட்டு வலை கட்டினார்கள். ஒரு முனையில் கன்னியம்மாவின் தம்பி கோவிந்தன் தண்ணீரில் நின்றான். மறு முனைக் கயிறு படகில் ஏழுமலையின் கையில். பிளாஸ்க்கும் நோட்டுமாக நான் நடுவில். தண்ணீர் வடிய வடிய வலை புடைத்தது. "நல்ல எறால் மாமா, இம்மாம் கனம் பாத்ததில்ல" என்று கோவிந்தன் கத்தினான். 'பத்து மணி. நோயாளி உற்சாகம்' என்று எழுதினேன். 'பதினொன்று. நோயாளி பாடுகிறார்.'

பதினொன்றரைக்கு, வலையைத் தூக்க வேண்டிய நேரத்தில், என் எழுத்து கோணலாகப் போனது. படகு ஆடுகிறது என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஆடியது ஏழுமலை. பல் தந்தியடித்தது.

"அண்ணே, காத்து ஜில்லுனு இருக்கா?" என்றேன். (வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.)

"காத்தில்ல சார், காச்சலு. அது நேத்து லீவு போட்டிருந்திச்சி. இன்னிக்கு டூட்டிக்கு வந்திடுச்சி. இந்தா, கயித்தப் புடி."

பிடித்தேன். அந்தக் கயிற்றின் மறுபுறம் மூன்று வாரச் சோறு இருந்தது. அந்தக் கனத்தை நான் அதுவரை எதிலும் உணர்ந்ததில்லை. "இயு சார், மேல இயு" என்றான் கோவிந்தன். நான் இழுத்தேன், வலையும் இழுத்தது, வலைதான் ஜெயித்தது. கயிறோடு தலைகுப்புற ஏரியில் விழுந்தேன். வலையின் வாய் சரிய, இறாலும் மடவை மீனும் என் மேலேயே குதித்து ஏறிப் போயின.

"முழுகறேன், காப்பாத்துங்க" என்று அலறினேன்.

கோவிந்தன் இருந்த இடத்திலிருந்தே சொன்னான். "எய்ந்து நில்லு சார். இடுப்பளவு தண்ணிதான்."

கரைக்கு வந்ததும் ஏழுமலையைக் கோணிப்பையில் சுற்றிப் படுக்கவைத்தோம். நான் மாத்திரை டப்பாவைத் திறந்து, புதன்கிழமையே கொடுத்திருக்க வேண்டியதை அப்போது கொடுத்தேன். கன்னியம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் காலி வலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே போய், மிச்சமிருந்த கஷாயச் சட்டியைக் கொண்டுவந்து என் முன் வைத்தார்.

"குடி."

"அக்கா, எனக்குக் காய்ச்சல் இல்ல."

"வந்துடப் போவுது. குடி."

சட்டியைக் கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் சைக்கிளை விட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் மறுநாள் தன் பாடு நாளில் கோவிந்தனைச் சேர்த்துக்கொண்டு பாதிப் பங்கு கொடுத்ததால் அந்த வீட்டு அடுப்பு அணையவில்லை. அந்தச் சனிக்கிழமை ஏழுமலை காய்ச்சலே தெரியாதவர் மாதிரி கரையில் உலாவினாராம். மாத்திரையை விடாமல் கொடுத்து முடித்தேன். அதன் பிறகு காய்ச்சல் வரவில்லை. அவருடைய அடுத்த பாடு நாளுக்குக் கன்னியம்மா உத்தரவுப்படி விடுப்பு எடுத்துக்கொண்டு போய், கோவிந்தன் பக்கத்தில் நின்று நான்தான் கயிறு இழுத்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. பரவாயில்லை, வலை நிறைந்தது.

விஷயம் குப்பத்தோடு முடிந்திருக்கும். ஆனால் என் கல்யாணத்துக்குக் கன்னியம்மா ஒரு கூடை இறாலோடு வந்தார். பந்தி முடிவதற்குள் மணப்பெண் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் இந்த வீட்டில் நான் சாதித்த எதையும் உடனே ஒப்புக்கொள்வதில்லை.

போன மாதம் சமையலறைக் குழாயின் ஒழுகலை நானே நிறுத்தினேன். மகன், மருமகள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு சொட்டு இல்லை. என் மனைவி மட்டும் குழாயடி வாளியை எடுக்கவில்லை.

"இன்னிக்கு லீவு போட்டிருக்கு" என்றாள்.

மறுநாள் காலையில் வாளி பாதி நிறைந்திருந்தது.